குட்டியானைக்கு இழுவை போய்விட்டதா? காவேரிப்பட்டணத்து மாங்காய் லோடும் 24 நொடிக் கணக்கும்

ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். என் தங்கை வீட்டுக்காரர் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்பில் தன் குட்டியானையில் (சின்ன சரக்கு வண்டி) காய் ஏற்றிக்கொண்டு, மாங்கூழ் ஆலைக்குப் போவதற்காக சர்வீஸ் ரோட்டிலிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியிருக்கிறார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு லாரி, நல்ல தூரத்தில். ஏறிவிடலாம் என்று ஏறிவிட்டார். வண்டி நகர்ந்தது, ஆனால் வேகம் எடுக்கவில்லை. மூன்றாவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தும் முள் மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது. அதற்குள் லாரி முதுகுக்கே வந்துவிட்டது. நீளமான ஹாரன், பிரேக் சத்தம், டயர் கருகிய வாடை. லாரிக்காரர் வலது பக்கம் ஒடித்து விலகிப் போனதால் யாருக்கும் அடி இல்லை. மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டி அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் வண்டி ஒரு பட்டறைக்குப் போனது. ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின்ல இழுவை போயிடுச்சு, ரீபோர் பண்ணி, அதாவது சிலிண்டரை மறுபடி கடைஞ்சு, பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்தணும், நாற்பதாயிரத்துக்குக் குறையாது" என்று சொல்லிவிட்டார்கள். சீசன் நடுவில் வண்டியைப் பத்து நாள் நிறுத்தினால் வருமானமும் போகும். இரவு எனக்குப் போன் செய்தார். "மச்சான், நீங்க மெக்கானிக்கல் வாத்தியார்தானே, இன்ஜின் போயிடுச்சா இல்லையான்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியும் என்றேன். இழுவை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்கு ஒரு அளவு உண்டு. ஒரு வண்டியை நின்ற நிலையிலிருந்து ஒரு வேகத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு ஆற்றல் செலவானது, அதற்கு எத்தனை நொடி பிடித்தது, இந்த இரண்டும் தெரிந்தால் சக்கரத்துக்கு வந்து சேர்ந்த சராசரித் திறன் தெரிந்துவிடும். இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். ஒரு எடைமேடை, ஒரு கைபேசி, ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலை போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான், மாப்பிள்ளை, டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கும் அவர் பையன் மூவரும் சேர்ந்து செய்த சோதனையைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன், மாங்காய் சீசனில் இதே நிலைமையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்.

வண்டி, எல்லோரும் குட்டியானை என்று சொல்கிற வகைதான். இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், கையேட்டில் 16 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 11.8 கிலோவாட், அதுவும் நிமிடத்துக்கு 3200 சுற்றில் ஓடும்போது மட்டும். லோடோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1550 கிலோ.

பையன் முதலில் ஒரு கணக்கு போட்டுக் கொண்டுவந்திருந்தான். நின்ற வண்டி 10 நொடியில் 40 கிலோமீட்டர் வேகம் எடுத்தால் முடுக்கம் இவ்வளவு, எடையோடு பெருக்கினால் விசை இவ்வளவு, விசையைக் கடைசி வேகத்தோடு பெருக்கினால் திறன். "மாமா, காலி வண்டிக்கே 12 கிலோவாட்டுக்கு மேல வருது, இன்ஜினோட மொத்தத் திறனே 11.8 தானே?" என்று கேட்டான். நல்ல கேள்வி, வகுப்பில் பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். அவன் கண்டுபிடித்தது கடைசி நொடியின் திறன். வண்டி நின்றிருக்கும்போது வேகம் சுழி, அந்த நேரத்தில் விசை எவ்வளவு இருந்தாலும் திறனும் சுழிதான். அங்கிருந்து ஒரே சீராக முடுக்கினால் திறனும் ஒரே சீராக ஏறி, கடைசியில் சராசரியைப் போல இரண்டு மடங்காக நிற்கும். நமக்கு வேண்டியது சராசரி. அதற்கு எளிய வழி, விசையை விட்டுவிட்டு ஆற்றலைப் பிடிப்பது: எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வரும் ஆற்றலை (அதன் அலகு ஜூல்) நொடியால் வகுக்க வேண்டும். இதில் முடுக்கம் சீராக இருந்ததா, நடுவில் கியர் மாற்றினோமா என்ற கேள்வியே வராது. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, முடிவில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை நொடி ஆனது, அவ்வளவுதான்.

வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரில் அப்படியே போடக்கூடாது, 3.6-ஆல் வகுத்து நொடிக்கு மீட்டராக்க வேண்டும். 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11.11 மீட்டர்.

அளந்தது எப்படி

முதல் வேலை எடைமேடை. காலி வண்டி, நானும் மாப்பிள்ளையும் உள்ளே, எடைச் சீட்டில் 990 கிலோ என்று வந்தது. அப்புறம் தோப்புக்குப் போய், அன்றைக்கு எப்படி ஏற்றினார்களோ அதேபோல, அதே உயரத்துக்குக் காயைக் குவித்து ஏற்றச் சொன்னேன். "ஒரு டன்னுதான் இருக்கும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. மறுபடி அதே எடைமேடை, அதே இரண்டு பேர். சீட்டு 2240 கிலோ காட்டியது. காய் மட்டும் 1250 கிலோ! அனுமதித்த மொத்த எடையைவிட 690 கிலோ கூடுதல். பெட்டியில் அடுக்காமல் குவியலாக ஏற்றும்போது கண்ணுக்கு எடை தெரியாது, இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. தோப்புக்காரர் ஏற்றுகிறார், ஆலையில் எடை போடுகிறார்கள், வாடகை டன் கணக்கில் வருகிறது. ஏற்றின பிறகு வண்டி எப்படி ஓடும் என்பதை மட்டும் யாரும் எழுதிவைப்பதில்லை.

இரண்டாவது ஸ்பீடோமீட்டர். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது ஸ்பீடோமீட்டருக்கு உள்ள விதி, அதனால் பெரும்பாலான வண்டிகளில் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைத்திருப்பார்கள். கைபேசியில் ஜிபிஎஸ் வேகத்தைப் போட்டுக்கொண்டு ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். முள் 43-இல் நின்றபோது ஜிபிஎஸ் 40 காட்டியது. மூன்று கிலோமீட்டர்தானே என்று விட்டுவிடக்கூடாது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், 43 என்று எடுத்தால் விடை 15 சதவீதத்துக்கும் மேலே எகிறும். இன்ஜின் நன்றாக இருக்கிறதா கெட்டதா என்பதையே அந்த 15 சதவீதம் மாற்றிச் சொல்லிவிடும். நேரடியாக ஜிபிஎஸ்ஸையே பார்த்து ஓட்டலாமே என்றால், வேகம் வேகமாக மாறும்போது அது ஏறக்குறைய ஒரு நொடி பின்தங்கும். அதனால் முள்ளைக் கைபேசியில் வீடியோ எடுத்து, முள் 43-ஐத் தொடும் நொடியைப் பிற்பாடு நிதானமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டோம்.

மூன்றாவது சாலை. கண்ணுக்குச் சமமாகத் தெரிவது சமம் இல்லை. 1000 மீட்டருக்கு 3 மீட்டர் ஏற்றம் இருந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் 2240 கிலோ வண்டிக்கு அது 66 நியூட்டன் கூடுதல் இழுப்பு. ஆகவே போகும்போது மூன்று தடவை, திரும்பும்போது மூன்று தடவை என்று இரண்டு பக்கமும் ஓட்டினோம். லோடோடு ஒரு பக்கம் 22.5 நொடி, மறுபக்கம் 25.5 நொடி. ஒரு பக்கம் மட்டும் பார்த்திருந்தால் தப்பான முடிவுக்குப் போயிருப்போம். சராசரி 24 நொடி, ஓடிய தூரம் 155 மீட்டர். காலி வண்டி 10 நொடி, 63 மீட்டர். தூரத்தைச் சங்கிலி நாடா வைத்து அளந்தது பையன்தான்.

நான்காவது சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. லோடு வண்டியை ஒரு வேகத்துக்குக் கொண்டுபோய் நியூட்ரலில் விட்டுவிட்டு, 20 கிலோமீட்டரிலிருந்து 10-க்குத் தானாகக் குறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. 21 நொடி ஆனது. நொடிக்கு 2.78 மீட்டர் வேகத்தை 21 நொடியில் இழந்தால், வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் விசை 2240 கிலோவுக்கு 296 நியூட்டன். அந்த வேகத்தில் காற்றின் பங்கு 12 நியூட்டன் அளவுதான், மிச்சம் 284 நியூட்டன் டயர் உருளுவதால் வரும் தடை. இன்ஜின் முடுக்குவதற்கு மட்டும் உழைப்பதில்லை, இந்தத் தடையையும் சேர்த்துத்தான் தள்ளுகிறது. பாடப்புத்தகக் கணக்கில் இது வராது. சாலையில் கட்டாயம் வரும்.

கணக்கு

காலி வண்டி: 990-இல் பாதியை 11.11-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 61 கிலோஜூல். உருளல் தடை எடைக்குத் தகுந்தபடி குறைந்து 126 நியூட்டன், 63 மீட்டருக்கு 8 கிலோஜூல். காற்றுக்கு இரண்டரை. மொத்தம் 71.6 கிலோஜூல், 10 நொடியில். சராசரித் திறன் 7.2 கிலோவாட்.

லோடு வண்டி: இயக்க ஆற்றல் 138 கிலோஜூல், உருளல் தடைக்கு 44, காற்றுக்கு 6. மொத்தம் 188 கிலோஜூல், 24 நொடியில். 7.85 கிலோவாட்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்ததும் மாப்பிள்ளை முகத்தில் குழப்பம். "லோடு இருக்கும்போது இன்ஜின் கூட சக்தி குடுக்குதா?" என்று கேட்டார். கியர் மாற்றுகிற நேரத்தைக் கழித்தால் இது தெளிவாகும். 40 கிலோமீட்டர் போவதற்குள் இரண்டு தடவை கியர் மாற்றுகிறார், ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி கிளட்ச் மிதிபட்டிருக்கும், அந்த இரண்டு நொடியும் சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. பத்து நொடியில் இரண்டு நொடி போவது பெரிய பங்கு, 24 நொடியில் இரண்டு நொடி சின்னப் பங்கு. உண்மையில் இழுத்த நேரத்தால் மட்டும் வகுத்தால் காலி வண்டிக்கு 71.6-ஐ 8-ஆல் வகுத்து 8.95 கிலோவாட், லோடு வண்டிக்கு 188-ஐ 22-ஆல் வகுத்து 8.5 கிலோவாட். ஒரே இன்ஜின், எவ்வளவு எடை ஏற்றினாலும் அதே அளவுதான் கொடுக்கிறது.

சரி, 8.5 முதல் 9 வரை என்பது நல்ல இன்ஜினா கெட்ட இன்ஜினா? கையேட்டின் 11.8 கிலோவாட் இன்ஜின் தண்டில் கிடைப்பது. கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாம் தாண்டிச் சக்கரத்துக்கு வரும்போது 10 கிலோவாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அதுவும் 3200 சுற்றில் மட்டும். ஒவ்வொரு கியரிலும் குறைந்த சுற்றிலிருந்து ஏறி வரும்போது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே இழுக்கும் நேரத்துச் சராசரி 9-ஐ ஒட்டி இருந்தால் அந்த இன்ஜினுக்கு எந்த நோயும் இல்லை. ஃப்ளைவீலையும் சக்கரங்களையும் சுழலவைக்கப் போன ஆற்றலை நான் இதில் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் எண் இன்னும் கொஞ்சம் ஏறும், இன்ஜினுக்குச் சாதகமாகத்தான்.

ஊரில் எல்லோருக்கும் எச்பி என்றால் கிணற்று மோட்டார்தான் ஞாபகம் வரும். 7.85 கிலோவாட் என்றால் ஏறக்குறைய பத்தரை எச்பி. "நம்ம போர்ல ஓடுற பத்து எச்பி மோட்டார் அளவுக்குத்தான் இந்த வண்டி மொத்தமா இழுக்குது, அதை வச்சு இரண்டேகால் டன்னைத் தள்ளச் சொல்றோம்" என்று நான் சொன்னபோதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. ரீபோர் வேலை அதோடு கைவிடப்பட்டது.

அப்படியென்றால் அன்றைக்கு நடந்தது என்ன?

எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. இன்ஜின் சரி, ஓட்டுகிறவர் பதினைந்து வருட அனுபவக்காரர், பிறகு ஏன் தப்புக் கணக்கு ஆனது?

நெடுஞ்சாலையில் லாரிகள் 60 கிலோமீட்டரில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாமும் 60-ஐத் தொட்டால்தான் பின்னால் வருகிறவருக்கு இடைஞ்சல் இல்லை. 40-லிருந்து 60-க்குப் போவது வெறும் 20 கிலோமீட்டர் தூக்குவதுதானே, அதற்கு முந்தைய 40-க்கு 24 நொடி என்றால் இதற்கு 12 நொடி போதாதா என்று தோன்றும். போதாது. 60-இல் ஓடும்போது உருளல் தடை அதே 284 நியூட்டன், காற்றுத் தடை மட்டும் 40-இல் இருந்த 89 நியூட்டனிலிருந்து 200-க்கு ஏறிவிடும். இரண்டையும் சேர்த்து நொடிக்கு 16.67 மீட்டரால் பெருக்கினால் 8 கிலோவாட். கையில் இருப்பதே 9. அதாவது 60-இல் வேகம் குறையாமல் ஓடவே எட்டு போய்விடுகிறது, வேகத்தைக் கூட்ட மிஞ்சுவது ஒன்றுக்கும் குறைவு.

ஐந்து ஐந்து கிலோமீட்டராகப் பிரித்துப் பையனோடு உட்கார்ந்து கணக்கு போட்டேன். ஒவ்வொரு படியிலும் கூட்ட வேண்டிய ஆற்றலை, அந்த வேகத்தில் மிஞ்சும் திறனால் வகுப்பது. 40-லிருந்து 45-க்கு 8 நொடி. 45-லிருந்து 50-க்கு 11. 50-லிருந்து 55-க்கு 17. கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும் 32 நொடிக்கு மேல். மொத்தம் ஏறக்குறைய 70 நொடி! காலி வண்டிக்கு இதே கணக்கு 15 நொடி. எடை இரண்டேகால் மடங்குதான் கூடியது, நேரம் நாலரை மடங்கு கூடிவிட்டது. காரணம், எடை இரண்டு பக்கமும் அடிக்கிறது. நகர்த்த வேண்டிய ஆற்றலையும் கூட்டுகிறது, தடையைக் கூட்டி மிஞ்சும் திறனையும் தின்றுவிடுகிறது. சராசரித் திறன் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு அதை நேரத்துக்கு நேர்விகிதமாகப் போட்டால் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோவோம்.

இதைத் தூரமாக மாற்றினால் ஓட்டுநருக்குப் பயன்படும். லோடு வண்டி முதல் 24 நொடியில் 155 மீட்டர் போகிறது, அதற்குள் 60-இல் வரும் லாரி 400 மீட்டர் வந்துவிடும். இடைவெளியில் 245 மீட்டர் காலி. அதன் பிறகும் 70 நொடிக்கு லாரி நம்மைவிட வேகம், கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி இன்னொரு 135 மீட்டரைத் தின்னும். ஆக, லாரிக்காரர் பிரேக்கைத் தொடாமல் இருக்க வேண்டுமானால் நாம் ஏறும்போது அவர் குறைந்தது 380 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும், ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதற்கும் மேலே. காலி வண்டிக்கு 145 மீட்டர் போதும். சட்டப்படி 1550 கிலோவில் ஓட்டினால் 40-க்கு 16 நொடி, அங்கிருந்து 60-க்கு 30 நொடி, இடைவெளி 230 மீட்டர்.

அன்றைக்கு லாரி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று மாப்பிள்ளையை அதே இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னேன். அவர் காட்டிய மரம் ஏறக்குறைய 200 மீட்டரில் இருந்தது. அவர் கண் தப்பு செய்யவில்லை. காலியாகவும் அளவான லோடிலும் வருடக்கணக்கில் ஓட்டிப் பழகிய கண், "இந்த இடைவெளி போதும்" என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. 990 கிலோவுக்கு அது தாராளம், 1550-க்கு லாரிக்காரர் லேசாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும். 2240-க்கு அது பாதிதான். உடம்புக்குள் ஏறிவிட்ட அந்தக் கணக்கு, வண்டியின் எடை மாறியதும் தானாக மாறிக்கொள்வதில்லை.

சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறும் இடங்களை அகலப்படுத்த வேண்டும், வேகம் எடுக்க இணைப்புப் பாதையை நீட்ட வேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நியாயமான கோரிக்கைதான். 155 மீட்டர் தனிப் பாதை இருந்தால் 40 வேகத்தோடு பிரதான சாலையில் நுழையலாம், தேவைப்படும் இடைவெளி 380-லிருந்து 135-க்கு வந்துவிடும். ஆனால் அது வரும்வரை மாங்காய் காத்திருக்காது.

ஏற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், தர்மபுரிக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஏறுகிற சாலையில் இந்த 2240 கிலோ வண்டிக்கு ஏற்றத்தால் மட்டும் 659 நியூட்டன் கூடும். 30 கிலோமீட்டரில் ஓடினாலே 8.3 கிலோவாட் வேண்டும். சேலத்திலிருந்து தொப்பூர் வழியாக லோடோடு மேலே வரும்போது வண்டி இரண்டாவது, மூன்றாவது கியரில் முனகுவது இதனால்தான், அங்கே முடுக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இறங்கும் பக்கம் இதைவிட மோசம். 40-இல் ஓடும் லோடு வண்டியின் இயக்க ஆற்றல் 138 கிலோஜூல், ஒரு தடவை பிரேக் போட்டால் அது முழுதும் பிரேக்கில் சூடாக மாறும். ஆனால் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 2200 கிலோஜூல், அதைப் போல 16 மடங்கு. கீழ்க் கியரில் இன்ஜின் பிடிமானத்தோடு இறங்காமல் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சப்படுத்துகிறவர்கள், அதில் டயரும் காற்றும் தின்றது போக மிச்சம் அத்தனையையும் பிரேக் லைனர் தலையில் ஏற்றுகிறார்கள். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் மோதுவதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சோதனையில் ஒரு உபரி லாபமும் கிடைத்தது. பின் டயர் இரண்டிலும் காற்று குறைவாக இருந்தது. கையேட்டில் சொன்ன அளவுக்குப் பிடித்துவிட்டு நியூட்ரல் சோதனையை மறுபடி செய்தபோது 21 நொடி 24 நொடியாக நீண்டது, உருளல் தடை 284-லிருந்து 247 நியூட்டனாக இறங்கியது. 40 கிலோமீட்டரில் இது 0.4 கிலோவாட் மிச்சம், காசே செலவில்லாமல். ஏர் ஃபில்டரையும் மாற்றினார், அது பழசாகியிருந்தது, ஆனால் அதனால் நொடியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இப்போது அவர் எப்படி ஓட்டுகிறார் என்றால், எடைமேடைச் சீட்டு இல்லாமல் தோப்பிலிருந்து நெடுஞ்சாலைக்கு வருவதில்லை. அதிக லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பதைத் தோப்புக்காரரிடம் சொல்லி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றுவதை நிறுத்தியிருக்கிறார். இரண்டு நடையாக அடிப்பதால் டீசல் கூடத்தான் ஆகிறது. இந்த நஷ்டத்தை அவர் மட்டும் சுமப்பது சரியில்லை, நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால்தான் ஏற்றுகிறவருக்கும் எடையைக் குறைக்க மனசு வரும் என்று நான் நினைக்கிறேன். இரண்டு தோப்புக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். நெடுஞ்சாலையில் ஏறும்போது ஓரத்தில் இருக்கும் 200 மீட்டர் கற்களை அடையாளமாக வைத்துக்கொள்கிறார். லோடு இருந்தால், இரண்டாவது கல்லுக்கு இந்தப் பக்கம் லாரி தெரிந்தால் ஏறுவதில்லை.

போன வாரம் அவரோடு ஒரு நடை போனேன். எடைச் சீட்டில் 1550 கிலோ. கணக்குப்படி 40-ஐத் தொட 16 நொடி ஆக வேண்டும் என்று பையன் சொல்லியிருந்தான். வண்டி கிளம்பியது, முள் 43-ஐத் தொட்டபோது கைபேசியில் 16 நொடி. கண்ணாடியில் லாரி இன்னும் சின்னதாகத்தான் தெரிந்தது.